அலுப்பைக் களையும் உழவாரம்!

காலையில் எழுந்ததும் பால் காய்ச்ச அடுப்பைப் பற்ற வைக்கிறோம். ஒரு பக்கம் டிகாக்‌ஷன் இறங்குகிறது; மறுபக்கம் குக்கர் விசில் அடிக்கிறது. டிபன் பாக்ஸ்களைக் கட்டிக் கொடுத்து, எல்லோரையும் அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், தொட்டி நிறையப் பாத்திரம்! துலக்கிக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தால், துணி துவைக்கும் வேலை காத்திருக்கிறது. மாலையில் காபி, ராத்திரிக்கு இட்லியோ சப்பாத்தியோ... கடைசியில் மேடையைத் துடைத்து, சமையலறை விளக்கை அணைக்கும்போது மனதில் ஒரு கேள்வி எழுகிறது.

‘நாளைக்கும் இதேதானா?’

வேலைக்குப் போகும் பெண்களுக்கு இந்தக் கேள்வி இரண்டு மடங்கு. அதே பஸ், அதே நாற்காலி, அதே கம்ப்யூட்டர், அதே கணக்கு. வீட்டுக்கு வந்தால் மறுபடியும் அதே அடுப்படி!

உடம்பின் களைப்பு வேறு, மனதின் அலுப்பு வேறு. களைப்பு, நன்றாகத் தூங்கி எழுந்தால் போய்விடும். அலுப்பு அப்படியல்ல, நாம் கண் விழிக்கும்போதே கட்டில் அருகில் வந்து உட்கார்ந்திருக்கும். அது சும்மாவும் இருக்காது. குழந்தை ஏதாவது கேட்டால், பதிலில் எரிச்சல் தெறிக்கும். குழம்பில் உப்பு போட்டோமா இல்லையா என்பதே மறந்துபோகும். பூஜையறையையும் அது விட்டுவைப்பதில்லை. வாய் சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டிருக்க, மனம் பால் பாக்கெட் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இத்தனை வருஷம் நான் என்னதான் செய்தேன்?’ என்ற ஏக்கத்தையும் அது கொண்டுவந்துவிடும்.

ஒரு நாளைக்கு மூன்று வேளை என்றால், வருடத்துக்கு 1,095 வேளைச் சமையல். இருபத்தைந்து வருட இல்லறத்தில் 27,375 வேளை! இத்தனையும் வீண்தானா? இதற்கு விடை தேட வேறெங்கும் போக வேண்டாம். நாம் வாரந்தோறும் கும்பிட்டு வரும் கோயிலிலேயே அந்த விடை இருக்கிறது.

கோயிலிலும் அதே வேலைதானே!

சற்றே சிந்தித்துப் பாருங்கள். செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் இடம் கோயிலைவிட வேறு எது? பெரிய சிவாலயங்களில் உஷத்காலம், காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இரண்டாம் காலம், அர்த்தஜாமம் என்று தினமும் ஆறு கால பூஜை. வருடத்துக்கு 2,190 பூஜைகள்! அதே திருமேனி, அதே அபிஷேகம், அதே தீபாராதனை, அதே மந்திரம். நூற்றாண்டுக் கணக்கில் நடக்கிறது. ஆனாலும் திரை விலகும் அந்த நொடியில், நமக்கு மெய் சிலிர்க்கத்தானே செய்கிறது? ‘போன வாரமும் இதே சுவாமியைத்தானே பார்த்தோம்’ என்று யாரும் அலுத்துக்கொள்வதில்லையே!

ஆக, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது மட்டுமே அலுப்புக்குக் காரணம் இல்லை. அப்படியானால் எதுதான் காரணம்? இதைப் புரிந்துகொள்ள, திருப்புகலூருக்குப் போய் வருவோம், வாருங்கள்.

புல் மீண்டும் முளைக்கும்!

நாகப்பட்டினம் மாவட்டத்தில், அக்னி தீர்த்தம் அகழியைப் போலச் சூழ்ந்திருக்க, நடுவே அமைந்திருக்கிறது திருப்புகலூர் அக்னீஸ்வரர் திருக்கோயில். திருநாவுக்கரசர் தம் வாழ்வின் நிறைவுக் காலத்தில் தங்கித் தொண்டு செய்த தலம் இது. எண்பத்தோரு வயது வரை வாழ்ந்த அந்தப் பெரியவர், சித்திரை மாதம் சதய நட்சத்திரத்தில் இறைவன் திருவடியில் கலந்ததும் இங்கேதான்.

அவர் இங்கே செய்த தொண்டு என்ன? கையில் உழவாரப் படையுடன், கோயில் பிராகாரத்தில் முளைத்திருக்கும் புல்லையும் முள்ளையும் செதுக்கி எடுப்பது!

ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரியும்... புல்லைச் செதுக்கினால், வேலை அத்துடன் முடிந்துவிடாது. ஒரு மழை பெய்தால் போதும். செதுக்கிய இடத்திலேயே மறுபடியும் பச்சை தலைகாட்டும். நெருஞ்சி திரும்பவும் படரும். கிழக்குப் பிராகாரத்தைச் சுத்தம் செய்துவிட்டு மேற்குப் பக்கம் போய்த் திரும்புவதற்குள், கிழக்கே மறுபடியும் வேலை வந்துவிடும். நம் வீட்டுத் தொட்டியில் விழும் பாத்திரம் போலத்தான்!

ஊர் ஊராக நடந்து பதிகம் பாடிய மகான் அவர். பல்லவ மன்னனையே சைவத்துக்குத் திருப்பியவர். அவருக்கு இந்த வேலை அலுக்கவில்லையா? ‘நான் எத்தனை தடவைதான் இதே புல்லைப் பிடுங்குவது?’ என்று அவர் கேட்டாரா? இல்லை.

ஏன் தெரியுமா? புல்லை ஒழித்துக் கட்ட வேண்டும் என்று அவர் உழவாரத்தை எடுக்கவில்லை. இறைவனை வலம் வரும் அடியார்களின் பாதத்தில் முள் தைக்கக் கூடாது, அதற்காகத்தான் எடுத்தார். அவர் கண் புல்லைப் பார்த்தது. மனமோ, அங்கே நடந்து வரப்போகும் பாதங்களைப் பார்த்தது. புல் நாளை முளைக்கலாம். இன்று நடந்து போன அடியாரின் காலில் முள் தைக்கவில்லை அல்லவா? இன்றைய வேலை இன்றைக்கே நிறைவடைந்துவிட்டது!

வீட்டு வேலையும் அப்படித்தான். ‘எப்போது முடியும்?’ என்று கேட்டால், அதற்குப் பதிலே கிடையாது. பசி நாளைக்கும் வரும். துணி நாளைக்கும் அழுக்காகும். முடிவே இல்லாத வேலையில் முடிவைத் தேடும்போதுதான் அலுப்பு வருகிறது. ‘இது யாருக்காக?’ என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் கிடைக்கும். இன்று பிள்ளை பசியோடு வந்தான், சாப்பிட்டான், முகம் மலர்ந்தது. அந்த வேளை நிறைவாகிவிட்டது. 27,375 வேளைகளும் அப்படித்தான். ஒன்றுகூட வீண் இல்லை!

பொன்னும் கல்லும் ஒன்றே!

அப்பர் பெருமானின் பற்றற்ற உள்ளத்தை உலகுக்குக் காட்ட விரும்பினார் இறைவன். ஒருநாள் அவர் உழவாரம் செய்த இடமெல்லாம் பொன்னும் நவமணிகளும் மின்னும்படி செய்தார். அப்பர் என்ன செய்தார் தெரியுமா? பருக்கைக் கற்களோடு சேர்த்து அவற்றையும் உழவாரத்தில் ஏந்தி, குளத்தில் வீசிவிட்டு, தம் வேலையைத் தொடர்ந்தார் என்கிறது பெரியபுராணம். நடக்கும் காலுக்குக் கல் உறுத்தினால் என்ன, ரத்தினம் உறுத்தினால் என்ன? இரண்டும் ஒன்றுதானே!

‘இவ்வளவு செய்கிறேன், ஒருவராவது நன்றாக இருக்கிறது என்று சொன்னார்களா?’ என்ற குறை நம்மில் பலருக்கு உண்டு. நியாயமான குறைதான். பாராட்டு வந்தால் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வோம். ஆனால், பாராட்டை நம்பியே வேலை செய்தால், அது வராத நாளில் கை ஓடாது. பாராட்டு என்ற பொன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், உழவாரம் நிற்காமல் நடக்க வேண்டும். அப்பர் காட்டும் வழி அதுவே!

நான்கு வகைப் பூ... பல வகை மாலை!

இதே திருப்புகலூரில் அப்பரை உபசரித்த இன்னொரு அடியார், முருக நாயனார். திருஞானசம்பந்தருக்கும் அப்பருக்கும் தம் மடத்தில் இடம் கொடுத்து மகிழ்ந்தவர். அவருடைய அன்றாடத் தொண்டு, பூப்பறித்து மாலை கட்டுவது.

பொழுது விடிவதற்கு முன்பே எழுந்து நீராடுவார். மரங்களில் பூக்கும் கோட்டுப்பூ, கொடிகளில் பூக்கும் கொடிப்பூ, நீரில் மலரும் நீர்ப்பூ, நிலத்துச் செடிகளில் பூக்கும் நிலப்பூ என நான்கு வகைப் பூக்களையும் தேடித் தேடிப் பறிப்பார். எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டுவதில்லை. தனித்தனிக் கூடைகளில் வைப்பார். பிறகு இண்டை, தாமம், கண்ணி என்று வகை வகையாகத் தொடுப்பார். நாவோ இடைவிடாமல் ஐந்தெழுத்தை ஓதிக்கொண்டிருக்கும்.

வேலை ஒன்றுதான்: மாலை கட்டுவது. ஆனால் அதற்குள்ளே எத்தனை நுட்பம், எத்தனை வகை! ‘ஏதோ ஒரு சரம், கட்டிப் போட்டால் சரி’ என்று நினைத்திருந்தால், அவருக்கும் ஒரு மாதத்தில் அலுத்திருக்கும். அலுப்பு, அக்கறை குறையும் இடத்தில்தான் நுழைகிறது. செய்யும் வேலையை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்துச் செய்தால், அதில் புதிது புதிதாக ஏதாவது தென்படும். தினமும் வைக்கும் ரசம்தான்... மிளகை அன்றைக்கு வறுத்துப் பொடித்துப் போட்டால், அதன் மணமே தனி அல்லவா?

விசிறிய கை!

‘எங்கள் ஆபீஸ் வேலையில் நுட்பம் எங்கே இருக்கிறது? ஒரே மாதிரி காகிதத்தைப் பார்த்து ஒரே மாதிரி கையெழுத்துப் போட வேண்டியதுதான்’ என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்காகவே இருக்கிறார் திருக்கச்சி நம்பிகள்!

சென்னையை அடுத்த பூந்தமல்லியில் அவதரித்தவர். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசுவது அவருடைய கைங்கர்யம். ஆலவட்டம் என்பது பெரிய விசிறி. இந்தப் பக்கம் ஒரு வீச்சு, அந்தப் பக்கம் ஒரு வீச்சு. அவ்வளவுதான் வேலை! இதைவிட ஒரே மாதிரியான வேலை உண்டா? ஆனால் அந்த விசிறலின் நடுவேதான் பெருமாள் அவரோடு பேசினார் என்பது வைணவப் பெரியோர் போற்றும் செய்தி. ராமாநுஜரே தம் மனதில் இருந்த சந்தேகங்களுக்கு நம்பிகள் மூலமாகத்தான் வரதனிடம் விடை பெற்றார். ‘ஆறு வார்த்தைகள்’ என்று அவை இன்றும் போற்றப்படுகின்றன.

கை ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது, மனம் சும்மா இருக்கிறது. அந்த மனதை எங்கே வைக்கிறோம் என்பதுதான் விஷயம். குறைகளின் மேல் வைத்தால் அலுப்பு கூடும். நம்பிகள் வரதனின் திருமுகத்தின் மேல் வைத்தார். பாத்திரம் துலக்கும்போதும், கீரை ஆயும்போதும், மாவு சலிக்கும்போதும் மனதுக்குள் ஒரு நாமம் ஓடட்டும். கவனம் முழுவதும் தேவைப்படும் கணக்கு வேலையா? தொடங்கும் முன் ஒருமுறை, முடிக்கும்போது ஒருமுறை நினைத்தால் போதும்.

கோயில் சொல்லித் தரும் மூன்று வழிகள்!

அடியார்கள் இருக்கட்டும். தினசரி பூஜை பழகிப்போய், சடங்காக மாறிவிடாமல் இருக்கக் கோயில்களிலேயே பெரியோர் சில ஏற்பாடுகள் செய்து வைத்திருக்கிறார்கள். அவற்றை அப்படியே நம் வீட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, சங்கல்பம். பூஜை தொடங்கும்போது அர்ச்சகர் வருடம், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் என்று வரிசையாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பூஜை நேற்றையதுதான், ஆனால் இந்த நாள் நேற்றைய நாள் அல்ல! அறுபது வருடச் சக்கரத்தில், இத்தனையும் சேர்ந்து அமைந்த ஒரு நாள் இது. அடுத்து, யாருக்காக என்று பெயரும் நட்சத்திரமும் சொல்கிறார். இப்படி நாளையும் ஆளையும் சொல்லித் தொடங்கும் வேலை எப்படிப் பழையதாகும்?

நாளைக் காலை அடுப்பைப் பற்ற வைக்கும்போது நீங்களும் ஒரு சின்ன சங்கல்பம் செய்துகொள்ளுங்கள். ‘இன்று செவ்வாய், கிருத்திகை. மகளுக்குப் பரீட்சை. மாமனாருக்கு இரண்டு நாளாக வயிறு சரியில்லை. இவர்களுக்காக இன்றைய சமையல்...’ என்று அரை நிமிடம் நினைத்தால் போதும். கை தானாகவே மாமனாருக்காகக் கொஞ்சம் ஓமம் எடுக்கும்!

இரண்டாவது, அலங்காரம். மூலவர் ஒருவரேதான், ஆனால் சந்தனக் காப்பு ஒருநாள், வெண்ணெய்க் காப்பு ஒருநாள், புஷ்பாங்கி ஒருநாள். ஐப்பசி பௌர்ணமியில் சிவனுக்கு அன்னாபிஷேகம். திருமலையில் வியாழக்கிழமை ஏழுமலையானின் திருநாமத்தைச் சிறிதாக்கி, திருக்கண்கள் தெரியும்படி நேத்ர தரிசனம், வெள்ளிக்கிழமை அபிஷேகம். தினமும் சுப்ரபாதம் ஒலிக்கும் அந்தச் சந்நிதியிலேயே, மார்கழி வந்துவிட்டால் திருப்பாவை ஒலிக்கிறது! முறை மாறுவதில்லை, அதன் உள்ளே ஒரு சிறு புதுமை நிகழ்கிறது. வீட்டிலும் கிழமைக்கு ஒரு கோலம், வாரத்தில் ஒருநாள் இதுவரை செய்யாத ஒரு பதார்த்தம், பூஜையில் மாதம் ஒரு புதிய ஸ்லோகம் என்று வைத்துக்கொள்ளலாம். பூஜையிலேயே மனம் ஒட்டவில்லை என்று வருந்துகிறவர்களுக்கும் இதுவே மருந்து. நூறு நாமங்களை ஓட்டமாகச் சொல்வதைவிட, ஒரு நாமத்தின் பொருளை அன்று முழுவதும் நினைப்பது மேல்.

மூன்றாவது, முறையும் ஓய்வும். இதை நம் பெண்கள் அவசியம் கவனிக்க வேண்டும்! சிதம்பரத்தில் நடராஜர் பூஜையைத் தீட்சிதர்கள் முறை வைத்துத்தான் செய்கிறார்கள். எப்போதும் ஒருவரே செய்வதில்லை. பல கோயில்களில் உச்சிக்காலம் முடிந்ததும் நடை சாத்திவிடுகிறார்கள். மதுரையில் தினமும் இரவில் சொக்கநாதரின் பாதுகைகள் பல்லக்கில் மீனாட்சியம்மன் சந்நிதிக்கு எழுந்தருள, பள்ளியறை பூஜை நடக்கிறது. அண்ட சராசரங்களையும் ஆள்பவருக்கே ஓய்வு வைத்திருக்கிறார்கள் பெரியோர். நமக்கு வேண்டாமா?

வீட்டில் நீங்கள் ஒருவரே தினமும் மூன்று வேளையும் நிற்க வேண்டும் என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் கணவர் பொறுப்பு, ராத்திரிப் பாத்திரம் பிள்ளைகள் பொறுப்பு என்று முறை வையுங்கள். தோசை கோணலாக வந்தாலும் குறை சொல்லாதீர்கள். மதியம் ஒரு மணி நேரம் உங்கள் நடையும் சாத்தியிருக்கட்டும். அந்த நேரத்தில் யாருக்காகவும் எழுந்திருக்க வேண்டாம். தொண்டு என்ற பெயரில் உடம்பை வருத்திக்கொண்டு, உள்ளுக்குள் குமுறுவதை எந்தத் தெய்வமும் விரும்புவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் எதிலுமே விருப்பம் இல்லை, தூக்கம் இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால், அது வெறும் அலுப்பு அல்ல. ‘பக்தி குறைந்துவிட்டது’ என்று உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளாமல், வீட்டில் மனம் திறந்து பேசுங்கள், டாக்டரைப் பாருங்கள். வைத்தியநாதன் என்று இறைவனையே மருத்துவராகக் கும்பிடுகிறவர்கள் அல்லவா நாம்? வைத்தியம் செய்துகொள்வதில் தவறே இல்லை.

ஒருநாள் உழவாரம்!

அப்பர் தொடங்கி வைத்த உழவாரப்பணியை, இன்றும் பல ஊர்களில் விடுமுறை நாட்களில் அடியார் குழுக்கள் செய்து வருகின்றன. உங்கள் பகுதிக் கோயிலிலும் இருக்கக்கூடும். வாய்ப்புக் கிடைத்தால், குடும்பத்தோடு ஒருநாள் கலந்துகொள்ளுங்கள். பிராகாரத்தில் புல் பிடுங்குங்கள். பித்தளை விளக்குகளைத் துலக்குங்கள். வீட்டில் துலக்கும்போது அலுத்த அதே கைக்கு, அங்கே அலுக்காது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள்... புளியும் அதே புளி, விளக்கும் அதே பித்தளை விளக்கு. யாருக்காக என்பது மட்டுமே அங்கே தெளிவாகத் தெரிகிறது!

அந்தத் தெளிவை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டால் போதும். நம் வீட்டில் நடக்கும் பாதங்களும், உண்ணும் வாய்களும் அவன் தந்தவைதானே! நாளைக்கும் புல் முளைக்கும். நாமும் மலர்ந்த முகத்தோடு உழவாரத்தை எடுப்போம். அப்பர் பெருமான் துணையிருப்பார்.

திருப்புகலூர் தரிசனம்

சுவாமி: அக்னீஸ்வரர். அம்பாள்: கருந்தார்குழலி. தீர்த்தம்: அக்னி தீர்த்தம். தல விருட்சம்: புன்னை.

சிறப்பு: செங்கற்களைத் தலைக்கு வைத்துத் துயின்ற சுந்தரருக்கு, அவற்றையே பொன்னாக்கித் தந்த தலம். இதனால், புதிதாக வீடு கட்டுபவர்கள் இங்கே செங்கல் வைத்து வழிபட்டு எடுத்துச் செல்கிறார்கள். முருக நாயனார் வழிபட்ட வர்த்தமானீச்சரம் சந்நிதியும் இதே கோயிலுக்குள் உள்ளது. சித்திரை சதயத்தில் அப்பர் பெருமானின் குருபூஜை விசேஷம்.

அமைவிடம்: நன்னிலத்திலிருந்து ஏறக்குறைய 10 கி.மீ. தொலைவு.